நானும் வாசுவும் ஒருவரே!

பிணம் சோஃபாவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

மூக்குக் கண்ணாடி மட்டும் நழுவியிருந்தது. ஏஜென்ட் அதை நிமிர்த்தி ஒழுங்காக மாட்டிவிட்டான். எந்த வேலையையும் அரைகுறையாக விடுவது அவனுக்குப் பிடிக்காது!

இறந்தவர் மெடிக்கல் ஷாப்காரர். ஏஜென்ட் அவருக்கு ஊசி மருந்து சப்ளை செய்தவன். சப்ளை செய்ததில் பாதி, பாட்டிலில் அடைத்த உப்புத் தண்ணீர்...

"மூணு உயிர் போயிடுச்சுய்யா! அதுல ஒண்ணு பச்சைக் குழந்தை. இப்பவே நான் போலீசுக்குப் போறேன்!" அரை மணி நேரத்துக்கு முன்னால் இதே சோஃபாவிலிருந்து எழுந்தபடி சொன்னார்.

போகவில்லை.

ஒரு ஊசியிலேயே கதையை முடித்துவிடலாமா என்றுதான் முதலில் யோசித்தான். ஆனால் தன் சரக்கின் மேல் அவனுக்கே நம்பிக்கை இல்லை.

அதனால்தான் தலையணை!

ஏஜென்ட் பதறவில்லை. பாஸ்போர்ட்டில் இருப்பது அவனுடைய நிஜப் பெயர். நாலு துண்டாக, கூட்ஸ் வண்டி மாதிரி நீளம். இந்த மாடி அறையை எடுத்ததும், போலிச் சரக்கு விற்றதும் 'வாசு' என்ற பெயரில். நீளப் பெயரின் மூன்றாவது துண்டிலிருந்து கிள்ளி எடுத்த இரண்டு எழுத்து. போலீஸ் வந்தால் வாசுவைத் தேடும். தேடட்டும்! கூட்ஸ் வண்டி அதற்குள் கடல் தாண்டியிருக்கும்.

வாசுவுக்கென்று தனி போன். நீளப் பெயருக்குத் தனி போன். இரண்டும் சட்டைப் பையில்.

ஒன்றை எடுத்து டிராவல்ஸுக்கு அடித்தான்.

"மேடம், இன்னிக்கு மத்தியானம் ஃப்ளைட் இருக்கா? எந்த நாடா இருந்தாலும் சரி, விசா மட்டும் கேக்கக் கூடாது!"

"ரெண்டரைக்கு ஒண்ணு இருக்கு சார். கடைசி சீட்! இந்த நம்பர்ல முன்னாடி பஸ் புக் பண்ணின பேர்லயே போட்டுடட்டுமா?"

"போடும்மா, சீக்கிரம்!"

"பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியேதானே சார்? ஒரு எழுத்து மாறினாலும்..."

கட் செய்துவிட்டான்.

அவசரத்தில் எடுத்தது எந்தப் போன் என்று அவன் பார்க்கவே இல்லை!

வாடை வெளியே வரக் கூடாதே... ஏசியைப் பதினாறில் வைத்தான். கதவைப் பூட்டினான். விசிலடித்தபடியே படியிறங்கினான்.

*

"சாரி சார். இந்த டிக்கெட் உங்களோடது இல்லை."

விமான நிலையத்து கவுன்டர் பெண் புன்னகை மாறாமல் சொன்னாள்.

"என்னம்மா சொல்றே? என் டிக்கெட்தான்!"

"பாஸ்போர்ட்ல நாலு பேர் இருக்கு. டிக்கெட்ல வெறும் வாசு."

ஏஜென்ட் டிக்கெட்டைப் பிடுங்கிப் பார்த்தான்.

வாசுவா...? இந்தச் சனியன் இங்கே எப்படி வந்தான்!

"அது... வந்து... கூப்பிடற பேரும்மா. மூணாவது பேரைப் பாரு, அதுக்குள்ளேயே இருக்கு!"

"எங்க அத்தை பேருக்குள்ளே என் பேரும் இருக்கு சார். அதுக்காக அவங்க டிக்கெட்ல நான் போக முடியுமா?"

"வேற டிக்கெட் குடு. என்ன விலையா இருந்தாலும் சரி!"

"ஃப்ளைட் ஃபுல். அடுத்தது நாளான்னைக்கு."

நாளான்னைக்கு! அதுவரை மெடிக்கல்காரர் சும்மா இருப்பார். அவர் வாடை இருக்குமா?

"தங்கச்சி... உன் கூடப்பிறந்த அண்ணனா நினைச்சுக்கோ..." குரல் தழுதழுத்தது. "எங்கம்மா ஆஸ்பத்திரியில இழுத்துக்கிட்டு இருக்காங்கம்மா!"

அவனுடைய அம்மா போய்ச் சேர்ந்து ஏழு வருஷம். நல்ல வேளை, கேட்க மாட்டாள்!

அந்தப் பெண் மனம் இளகி மேனேஜரைக் கூப்பிட்டாள். வழுக்கைத் தலை மேனேஜர் ஒரு தாளோடு வந்தார்.

"ஒரு வழி இருக்கு சார். உறுதிமொழிப் பத்திரம். 'பாஸ்போர்ட்டில் உள்ள நானும் டிக்கெட்டில் உள்ள வாசுவும் ஒருவரே'ன்னு எழுதிக் குடுங்க. ரெண்டு பேர்லயும் கையெழுத்து. வாசுங்கற பேர்ல நீங்க குடியிருக்கிற விலாசம்."

ஏஜென்டின் பேனா அந்தரத்தில் நின்றது.

எழுதினால், பிரித்து வைத்த இரண்டு பேரையும் தன் கையாலேயே முடிச்சுப் போட்ட மாதிரி. எழுதாவிட்டால் பிளேன் போய்விடும்.

"இந்தப் பேப்பரை என்ன பண்ணுவீங்க?"

"ஃபைல்ல போடுவோம். யாரு சார் படிக்கப் போறா?"

"கவுன்டர் மூட இன்னும் பன்னெண்டு நிமிஷம் சார்" என்றாள் பெண்.

எழுதினான். 'வாசு' என்று வாலைச் சுழித்துக் கையெழுத்தும் போட்டான்.

"முடிஞ்சுதா?"

"இன்னும் ஒண்ணே ஒண்ணு. உங்களை வாசுன்னு தெரிஞ்ச ஒருத்தர் போன்ல 'ஆமா'ன்னு சொல்லணும். யாரு இருக்காங்க?"

இரண்டே பேர்தான் இருந்தார்கள்.

ஒருவர் சோஃபாவில். அவர் வாய் திறக்க மாட்டார்.

இன்னொருவர் கீழ் வீட்டு ஓனரம்மா. அவர் வாய் மூட மாட்டார்!

வேறு வழியில்லை. நம்பரைச் சொன்னான். மேனேஜர் ஸ்பீக்கரில் போட்டார். பக்கத்தில் ரோந்து வந்த ஏர்போர்ட் இன்ஸ்பெக்டர், மேனேஜரின் சிநேகிதர், "என்னப்பா, டிராமாவா?" என்று சுவாரஸ்யமாக மேஜையில் சாய்ந்தார்.

"ஹலோ... யாரு?"

"ஏர்போர்ட்லேருந்து பேசறோம்மா. உங்க மாடியில வாசுன்னு ஒருத்தர் இருக்காரா?"

"வாசுத் தம்பியா? ஏன், என்ன ஆச்சு அவருக்கு?"

"ஒண்ணும் ஆகலைம்மா! நான்தான் பேசறேன்." ஏஜென்ட் குறுக்கே புகுந்தான். "'ஆமா, இவர்தான் வாசு'ன்னு மட்டும் சொல்லுங்க!"

"அட, நம்ம வாசு குரல்தான்! ஆமாங்க, இவர்தான். தங்கமான புள்ளை. ஈ எறும்புக்குக்கூடத் துரோகம் நினைக்காது!"

மேனேஜர் தலையாட்டினார். முத்திரையை எடுத்தார். ஏஜென்ட் மூச்சை விட்டான்.

"ரொம்ப நன்றிம்மா. வெச்சிடறேன்!"

"இருப்பா இரு... நீ ஏர்போர்ட்ல இருக்கேன்னா, மாடியில ஏசி யாருக்கு ஓடுது?"

ஏஜென்ட் மறுபடி போன் பக்கம் குனிந்தான்.

"அது... மறந்துட்டேன்மா. ஓடட்டும் விடுங்க!"

"ஓடட்டுமா? மீட்டர் பேய் மாதிரி சுத்துது! எங்கிட்டதான் இன்னொரு சாவி இருக்கே. ஒரு நிமிஷம், போய் அணைச்சிட்டு வந்துடறேன்..."

"வேணாம்மா! முட்டி வலியோட எதுக்குப் படி ஏறறீங்க? கரண்ட் பில் நான் கட்டறேன்மா!"

"பார்த்தீங்களா சார், என் முட்டி வலிக்குக்கூடக் கவலைப்படுது! பெத்த புள்ளைகூட இப்படிக் கேட்டதில்லை..."

செருப்புச் சத்தம். சரக்... சரக்...

படி ஏறிக்கொண்டிருந்தார்!

"போனை வைங்க சார்!" ஏஜென்ட் பாய்ந்தான்.

இன்ஸ்பெக்டர் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஏன் சார் இப்படி வேர்க்குது? இங்கேயும் ஏசி ஓடுதே..."

பூட்டில் சாவி திரும்பும் சத்தம். கதவு கிறீச்சிட்டது.

"ஸ்ஸ்... என்ன இப்படிக் குளிருது! அட, விருந்தாளி இருக்காரே... சொல்லியிருக்கக் கூடாதா வாசு? ஐயா... ஐயா, காபி சாப்பிடறீங்களா? ஐயா...?"

தோளைத் தட்டும் சத்தம்.

"வீஈஈஈல்ல்!"

கவுன்டர் முன்னால் நின்ற அத்தனை வரிசையும் திரும்பிப் பார்த்தது.

"பொணம்... பொணம்! வாசு ரூம்ல பொணம்!"

ஏஜென்ட் திமிறினான்.

"சார்! நான் வாசு இல்லை சார்! பாஸ்போர்ட்டைப் பாருங்க! நாலு பேர் இருக்கு... வாசுன்னு எவனையும் எனக்குத் தெரியாது!"

மேனேஜர் தாளை மெல்ல உயர்த்திப் பிடித்தார். மை இன்னும் காயவில்லை.

"இவ்வளவு நேரமா வாசு வாசுன்னு கெஞ்சினது நீங்கதானே சார்?"

"அது பொய்! டிக்கெட் தப்பு! அந்த டிராவல்ஸ்காரி பண்ண தப்பு!"

"கையெழுத்தும் டிராவல்ஸ்காரிதான் போட்டாளா?"

கவுன்டர் பெண் மட்டும் இன்னும் வேலையில் இருந்தாள்.

"சார், கவுன்டர் மூடற நேரம். கேன்சல்னு போட்டுடட்டுமா?"

மேனேஜர் முத்திரையை இழுப்பறைக்குள் போட்டு மூடினார். அதுவே பதில்!

இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார். போனில் பேசி, ஓனரம்மாவை அறையை விட்டு வெளியே நிற்கச் சொன்னார். ஜீப்பை வரவழைத்தார்.

வண்டியில் ஏறும்போது, மூக்கை உறிஞ்சியபடி கேட்டான் ஏஜென்ட்.

"கேஸ்ல என்னை எந்தப் பேர்ல சார் போடுவீங்க? வாசுன்னு போட்டா செல்லாது. நீளப் பேர்ல போட்டா, ரூமுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லைன்னு என் வக்கீல் கிழிச்சிடுவார்!"

இன்ஸ்பெக்டர் அவன் தலையை அழுத்தி உள்ளே உட்கார வைத்தார்.

"அந்தக் கவலையே வேணாம் தம்பி. நீ போற இடத்துல பேரே கேக்க மாட்டாங்க... நம்பர்தான்!"