மெழுகு ஆறும்வரை

இந்த ஷூ இப்படி உள்ளே வரக் கூடாது... வாசலிலேயே கழற்ற வேண்டாமா? தண்ணீர் சொட்டச் சொட்ட நேராக என் தொட்டியைப் பார்த்து வருகிறதே... நில். நில்லேன்...

அவள் நினைத்து முடிப்பதற்குள் ஷூ வழுக்கியது. தொட்டி கவிழ்ந்தது. பார்லர் நாற்காலியில் இருந்த அம்மாளின் காலை ஊறவைக்க அவள் கலந்திருந்த வெந்நீர் முழுக்க அவள் மடியிலேயே.

"கண்ணை எங்க அடகு வச்சுட்டு வர்றீங்க?"

"ஐயோ, சாரிங்க... இந்த மேடம் வாங்கின செருப்புக்கு வேற சைஸ் கேட்டாங்க. எதிர்க்கடைலேர்ந்து ஓடி வந்தேன்..."

தலைமுதல் கால்வரை நனைந்திருந்தான். மார்போடு அணைத்திருந்த செருப்புப் பெட்டி மட்டும் காய்ந்திருந்தது. அவள் நிமிர்ந்தாள். மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்கள்... கோபத்தில் இன்னும் கொஞ்சம் பெரிதான கண்கள். மன்னிப்பின் மீதிப் பாதியை அவன் மறந்துபோனான்.

வெளியே மழை விடவில்லை. ஷூவுக்குள் புகுந்த தண்ணீரைக் கொட்ட வாசலோரம் உட்கார்ந்தவனின் குதிகால் அவள் பார்வையில் பட்டது. வற்றிய குளம்போல வெடித்துக் கிடந்தது.

"செருப்பு விக்கிறவரு கால் இப்படியா இருக்கும்?"

"டாக்டருக்குக் காய்ச்சல் வராதா?"

"வரும். ஆனா அவரு மாத்திரை போட்டுப்பாரு."

அவன் சிரித்துக்கொண்டே சுவரில் இருந்த பாதப் பராமரிப்புப் பலகையைப் படித்தான். "உப்பு, பால், மெழுகு... இந்த மீன் கடிக்குமே, அது இல்லையா?"

"எடுத்துட்டோம். ஒரே மீன் ஊர்ல உள்ளவங்க காலையெல்லாம் கடிச்சா சுத்தமா இருக்குமா?"

"அப்போ கடிக்கறதுக்கு யாருமே இல்லையா?"

"நான் இருக்கேன்."

முடி வெட்டும் அக்கா கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். இவளுக்கு மாஸ்க்குக்குள்ளே கன்னம் சுட்டது... நல்லவேளை, யாருக்கும் தெரியாது.

அதன் பிறகு விடுமுறை நாளெல்லாம் வந்தான். உப்புத் தேய்ப்புதான் வேண்டும் என்று அடம்பிடித்தான்.

"நாள்பூரா நிக்கிற காலுக்கு உப்பு நல்லதுதான். அலுப்பு போகும், செத்த தோல் உதிரும். ஆனா வெடிப்புல பட்டா உயிர் போயிடும். முதல்ல பால்ல ஊறட்டும். தோல் மிருதுவாகி வெடிப்பு மூடட்டும்."

"மெழுகு?"

"அது கடைசி. இளஞ்சூடு மெல்ல உள்ள இறங்கி, இறுகின கணுக்காலை விட்டுக்கொடுக்க வைக்கும். புண்ணு இருக்கறப்போ மெழுகு போடக் கூடாது. அவசரப்படாதீங்க."

அவசரப்படாமல்தான் வந்தான். ஒருநாள் அவளுடைய காலைப் பார்த்தான்.

"என்ன சைஸ் போடுறீங்க?"

"ஆறு."

"பொய். ஏழாம் நம்பர் காலை ஆறுக்குள்ள திணிச்சா சுண்டுவிரல் அழாதா?"

அவள் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் எத்தனை கால்களைப் பார்த்திருக்கிறாள்... அவள் காலை யாரும் பார்த்ததில்லை. அடுத்த வாரம் ஒரு ஜோடிச் செருப்பு வந்தது. அவன் தரையில் மண்டியிட்டு மாட்டிவிட்டான். எழுந்திருக்கும்போது முட்டியைத் தேய்த்துக்கொண்டான். மண்டியிட்டு மண்டியிட்டுக் காய்த்துப்போன முட்டி.

"நானும் உன்னை மாதிரிதான். அடுத்தவங்க கால்லயே கிடக்கறவன்," என்றான். எப்போது ‘நீ’ ஆனது என்று இருவருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து அவள் அவனுக்கு ‘ஏழாம் நம்பர்’. இவன் புரிந்துகொள்வான், இவனிடம் எதையும் விளக்க வேண்டியதில்லை... அந்த நினைப்பை ஒரு மிட்டாயைப்போல வாய்க்குள் அடக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள்.

"அம்மாவுக்குக் கால்வலி. கூட்டிட்டு வரேன்," என்று அவன் சொன்ன அன்று புதுத் துண்டு எடுத்து வைத்தாள். இன்றைக்குச் சொல்லிவிடுவான் என்று நினைத்தாள். இவள்தாம்மா, என்று.

அந்த அம்மா நாற்காலியில் சாய்ந்து செல்பேசியில் யாரோ சம்பந்தியம்மாவின் குறைகளைப் பேசியபடியே காலை நீட்டினாள். வலது பெருவிரல் நகம் சதைக்குள் வளைந்து இறங்கியிருந்தது. அதன் ஓரத்தை வலிக்காமல் தூக்கி, அழுக்கெடுத்து, பாதத்தை அழுத்திவிட்டாள். எந்தக் காலையும் அவள் அவ்வளவு ஆசையாகப் பிடித்ததில்லை.

"கை பஞ்சு மாதிரி இருக்கு," என்றாள் அம்மா, செல்பேசியை வைத்துவிட்டு. கண் ஜன்னலில் இருந்தது. "பாவம், ஊர்க் காலெல்லாம் கழுவணும்னு தலையெழுத்து. எம் பையன் எதிர்க்கடைலதான் மேனேஜரு. ஏசி ரூமு, தனி மேஜை." பிறகு அவன் பக்கம் திரும்பி, "ஏண்டா, எதிர்லதானே இருக்கே... இந்தப் பொண்ணைத் தெரியுமா உனக்கு?"

சோபாவில் இருந்தவன் பத்திரிகையைப் புரட்டினான்.

"தெரியாதும்மா."

அவள் கை ஒரு கணம் நின்றது... பிறகு அடுத்த விரலுக்குப் போனது. காய்த்த முட்டியைப் பற்றி அவளும் வாய் திறக்கவில்லை.

கொஞ்ச நாள் தலைமறைவாக இருந்தவன், கடை திறந்ததும் திறக்காததுமாக வந்து நின்றான். "மெழுகு போடறேன்னு சொன்னியே..."

வெடிப்பு மூடியிருந்தது. மறுப்பதற்குக் காரணம் இல்லை. இரண்டு கால்களையும் மெழுகில் முக்கி எடுத்து, பிளாஸ்டிக் உறை மாட்டி, துண்டால் சுற்றினாள். ஆறும்வரை எழுந்து நடக்க முடியாது. முடி வெட்டும் அக்கா ஏதோ வேலை இருப்பதுபோல உள்ளே போனாள்.

"கோவமா?"

"இல்ல."

"உன்னைத் தவிர எனக்கு யாரும் வேணாம். அன்னிக்குச் சொல்ல வாய் வரல... வீட்ல மேனேஜர்னு சொல்லி வச்சிருக்கேன். ஒரு பொய் சொல்லிட்டா அதுக்குக் காவல் இருக்கணும்ல?" அவன் அவள் பக்கம் குனிந்தான். "நேசிக்கிறேன் உன்னை. நிஜமா."

இத்தனை நாள் இந்த வார்த்தைக்குத்தானே காத்திருந்தாள்... வந்துவிட்டது. அவள் கண் நிறைந்தது. அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான், உற்சாகமாக.

"ஒரு வழி கண்டுபிடிச்சிட்டேன். இங்க முன்னாடி கவுண்டர்ல பில் போடறதுதான் உனக்கு வேலைன்னு சொல்லிடலாம். ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டிட்டுப் பொண்ணு பாக்க உங்க வீட்டுக்கு வரேன். பயப்படாதே, அன்னிக்கு மாஸ்க் போட்டிருந்தே. அதுவும் இல்லாம அம்மா உன் முகத்தை நிமிர்ந்துகூடப் பாக்கல. அடையாளமே தெரியாது!"

நல்ல செய்திபோல அதைச் சொன்னான்.

அவள் துண்டைப் பிரித்தாள். உறையைக் கழற்றினாள். மெழுகு ஒரே துண்டாக உரிந்து வந்தது. குதிகால், விரல்கள், எல்லாம் அப்படியே. உள்ளே கால்தான் இல்லை.

"எத்தனை நாளைக்கு?"

"என்ன எத்தனை நாளைக்கு? பழகிடும்."

"உனக்குப் பழகிடுச்சா?"

அவள் அடுத்த காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்கம்மாவுக்கு வலது பெருவிரல் நகம் உள்ள வளருது. ஓரத்தை ஒட்ட வெட்ட வேணாம்னு சொல்லு."

"நான் என்ன கேக்கறேன், நீ என்ன பேசறே?"

"அவங்களுக்கு என்னை அடையாளம் தெரியாது. எனக்கு அவங்களைத் தெரியும். கதவைத் திறந்ததும் என் கண்ணு அந்த விரலுக்குத்தான் போகும். வலி குறைஞ்சுதான்னு வாய் தானா கேட்டுடும்." அவள் மெல்லத்தான் பேசினாள். "கேக்காம இருக்கறதுக்கு என்னால பழக முடியாது. வேணாம்."

"ஏழாம் நம்பரு..."

கேட்காததுபோல அவள் வியர்த்திருந்த கால்களை ஈரம் போகத் துடைத்தாள். விரலிடுக்குகளையும் விடாமல் துடைத்தாள். வெடிப்பு இருந்த இடம் குழந்தையின் பாதம்போல மழுமழுவென்று இருந்தது. உரித்த மெழுகு இரண்டையும் குப்பைக்கூடையில் போட்டாள். ஒருவர் காலில் போட்டதை மறுபடி உருக்க மாட்டார்கள். அவன் ஷூவை எடுத்துவந்து நாற்காலியின் கீழே நேராக வைத்தாள்.

பிறகு மாஸ்க்கை மேலே ஏற்றிக்கொண்டாள்.

"தரை ஈரமா இருக்கு, சார்," என்றாள். "பாத்துப் போங்க."