ரத்தினம்மாள் வாங்காத மன்னிப்பு

"எடுக்காத பொருளுக்கு மன்னிப்பு குடுத்துட்டாங்கம்மா. அத வச்சிகினு நான் இன்னா பண்றது?"

ரத்தினம்மாள் கூடத்தின் நடுவில் நின்றபடியே கேட்டார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. கண்ணில் ஈரம் இல்லை, கோபம்தான் இருந்தது.

மருதேவி மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். இன்சூரன்ஸ் கம்பெனியில் நஷ்டம் மதிப்பிடும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எரிந்த அரிசி ஆலையையும் வெள்ளத்தில் நனைந்த மூட்டைகளையும் பார்த்து, எது விபத்து, எது வேண்டுமென்றே செய்தது என்று பிரித்துச் சொல்வதிலேயே ஆயுளில் பாதி போயிருந்தது. செஞ்சிக்குத் திரும்பிய பிறகும் அந்த வேலை அவரை விடவில்லை. ஏதாவது காணாமல் போனால், போலீஸுக்குப் போகக் கூச்சப்படுகிறவர்கள் அவர் வீட்டு மாடிப்படி ஏறினார்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடும் சமணக் குடும்பம் என்பதால், வந்த விவகாரத்தையும் பெரும்பாலும் அதற்குள் முடித்துவிடப் பார்ப்பார்.

படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. கீழ்க்கடையில் செல்போன் ரிப்பேர் பார்க்கும் அன்புமணி, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஓடி வந்திருந்தான். மேலே யார் ஏறினாலும் பின்னாலேயே அவனும் ஏறிவிடுவான்.

"இன்னாக்கா கேஸு?"

"உக்காரு அன்பு. அவங்க சொல்லட்டும்."

ரத்தினம்மாள் சொன்னார். சுமதிநாத நயினார் வீட்டில் வெகுகாலமாக வேலை செய்கிறார். நெல் மண்டி வைத்திருந்த நயினாரும் சமணர்தான்; அவருக்குப் பாட்டு என்றால் உயிர். ஓர் அலமாரி நிறைய கேசட்டுகள், எல்லாம் அவரே ரேடியோவிலிருந்தும் கடையில் கொடுத்தும் பதிவு செய்தவை. போன வாரம் ஒரு காலையில் அந்த அலமாரி காலியாக இருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்புதான் மகன் சாந்திகுமார் சொன்னபடி ரத்தினம்மாள் பழைய பேப்பரையெல்லாம் காயலாங்கடை வண்டிக்குப் போட்டிருந்தார். இரண்டையும் கூட்டிக் கணக்குப் போட யாருக்கும் நேரமாகவில்லை.

"சாந்தி தம்பி திட்டலம்மா. 'போனா போவுது ரத்தினம்மா, அந்தப் பாட்டு எல்லாத்தையும் நான் பென் டிரைவ்ல ஏத்தி வச்சிருக்கேன். நஷ்டம் ஒண்ணும் இல்ல. நைனாவும் உன்ன மன்னிச்சிட்டாரு'ன்னாரு. நான் பெரிய நயினாராண்ட போயி, 'நீங்க சொல்லுங்க, நான் எடுத்தனா'ன்னு கேட்டேன். மூஞ்சத் திருப்பிக்கினு 'விடு ரத்தினம்மா'ன்றாரு. நஷ்டமே இல்லன்னா நான் எத எடுத்தேன்? பக்கத்து வூட்டுல அடுத்த மாசத்துலேந்து வராதன்னுட்டாங்க. இன்னும் எத்தினி வூடோ."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். மன்னித்துவிட்டவர்களோடு எப்படிச் சண்டை போடுவது?

"அந்தப் பாட்டுங்க எனக்கும் பழக்கம்மா," என்றார் ரத்தினம்மாள், குரல் சற்று இறங்க. "ஒரு கேசட்டுல கடைசிப் பாட்டு பாதியிலயே நின்னுடும். டேப்பு அங்க தீந்துபோச்சி போல. அது நிக்கசொல்லோ நான் பாத்திரம் அலசற தண்ணிய மாத்துவேன். அத நான் காயலாங்கடைக்குப் போடுவனா?"

மருதேவி எழுந்தார். "நீங்க வீட்டுக்குப் போங்க. சாயங்காலத்துக்குள்ள அன்பு வந்து கூப்பிடுவான்."

போகும் வழியிலேயே அன்புமணி குற்றவாளியைப் பிடித்துவிட்டான். "சாந்திகுமாருதான்க்கா. அலமாரி எடத்த அடைச்சிகினு இருக்குதுன்னு அவருக்குக் கடுப்பு. அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பத்து வருஷச் சண்டை. அப்பா கேசட்டுன்னா பிள்ளை போனுன்னுவாரு. முந்தின வருஷம் சாந்திகுமாரு போனு பாட்டோட கெணத்துல விழுந்துச்சி பாருங்க, பெரியவரு ஒரு வருஷம் அதையே சொல்லிச் சிரிச்சாரு. 'என் கேசட்டு கெணத்துல குதிக்காது'ன்னு மேல்சித்தாமூர் மடத்துத் திருவிழாவுல எல்லாரு எதிர்லயும் சொன்னாரு. அந்த ரோசம் இருக்காதா? கிளவுட்ல போட்டிருந்தா இந்தச் சண்டையே இல்ல."

"ரோசம் இருக்கும்," என்றார் மருதேவி.

சாந்திகுமார் பாத்திரக்கடையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். மரியாதையாக உள்ளே அழைத்தார். பெரியவர் தம் அறையில் கட்டில்மேல், காலை மடக்கிப் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே கத்திரி வெயில் கொளுத்துகிறது, இவர் காலுக்குப் போர்வை.

பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கரில் பென் டிரைவ் பாடிக்கொண்டிருந்தது. ஒரு சத்தமும் இல்லாமல், துடைத்து வைத்த வெண்கலம் மாதிரி சுத்தமான பாட்டு. பெரியவர் கூடவே முனகிக்கொண்டிருந்தார். ஓர் அடியின் நடுவில் அவர் முனகல் சட்டென்று நின்றது. பாட்டு நிற்காமல் மேலே போயிற்று. அவர் கை அறியாமல் எதையோ திருப்பிப் போட நீண்டு, திரும்பி மடியில் விழுந்தது.

"வாம்மா மருதேவி. எழுந்து வரலன்னு தப்பா நெனைக்காத. புதுச் செருப்பு கடிச்சிடுச்சி."

அவர் காலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. போர்வையைச் சரிசெய்தபோது அது விலகி, இரண்டு உள்ளங்கால்களிலும் மஞ்சள் பற்று தெரிந்தது.

"பென் டிரைவ் எப்படிண்ணா இருக்குது?"

"அதுக்கு இன்னா. நல்லாத்தான் இருக்குது."

சாந்திகுமார் சிரித்தார். "பத்து வருஷமா கையால தொடமாட்டேன்னவரு. அலமாரி காலின்னு தெரிஞ்ச அன்னிக்கே வாங்கி வச்சிக்கினாரு."

அலமாரியை மருதேவி நிதானமாகப் பார்த்தார். பழைய பலா மரம். பின்பலகையில் செல்லுப்பூச்சி அரித்த சிறு துளைகள், கீழே கொஞ்சம் மரத்தூள். தட்டுகள் துடைத்துச் சுத்தமாக இருந்தன. ஒவ்வொன்றிலும் புதிய செய்தித்தாள் விரித்து, மூலைகளில் வேப்பிலை வைத்திருந்தது. இலை காய்ந்திருந்தது.

"செல்லு இருக்குதே. மருந்து அடிக்கலயா?"

"நம்ம வூட்லயா?" என்றார் சாந்திகுமார். "நைனா ஒரு எறும்பக்கூட ஊதித்தான் நகத்துவாரு."

"இது காலியான அன்னிக்கு முன்னாடி நாள் வீட்டுல யாரு இருந்தது?"

"நைனா மட்டுந்தான். நாங்க எல்லாரும் காலையிலயே கல்யாணத்துக்குப் போயிட்டோம். ரத்தினம்மா வேலைய முடிச்சிட்டு அப்பவே போயிட்டாங்க. நாங்க திரும்பி வர பொழுது போயிடுச்சி."

மொட்டை மாடிக்குப் போகலாம் என்றான் அன்புமணி. திருடன் ஏறிக் குதித்திருக்கலாம் என்பது அவன் புது யோசனை. செருப்பைக் கீழே விட்டு ஏறியவன், இரண்டடி வைத்ததும் வாசற்படிக்குத் தாவினான். ராஜகிரிப் பாறையிலிருந்து வீசிய காற்றே அடுப்புக் காற்றாக இருந்தது. மருதேவி செருப்போடு போய்ச் சுற்றி வந்தார். தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவே ஏதோ மின்னியது. கேசட் வைக்கும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் மூடி. சுட்ட அப்பளம் போலக் கோணிச் சுருண்டிருந்தது.

"பாத்தீங்களாக்கா, திருடன் இந்த வழியாத்தான் ஓடியிருக்கான்," என்றான் அன்புமணி, ஒற்றைக்காலில் நின்றபடி.

"ஓடினது உண்மைதான் அன்பு. நீ போய் ரத்தினம்மாளைக் கூட்டிக்கிட்டு வா."

வெயில் சற்றுத் தாழ்ந்தபோது பெரியவர் அறையில் எல்லோரும் இருந்தார்கள். ரத்தினம்மாள் வாசற்படியைத் தாண்டி வரவில்லை. மருதேவி கட்டிலருகே உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்.

"அண்ணா, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

பெரியவர் ஸ்பீக்கரை நிறுத்தினார். போர்வையை இன்னும் இழுத்து மூடிக்கொண்டார்.

"அப்ப நான் சொல்றேன். திருடினவன் காலி அலமாரியத் துடைச்சு, புதுப் பேப்பர் விரிச்சு, வேப்பிலை வைக்கமாட்டான். மறுபடி அடுக்கணும்னு நினைக்கறவங்கதான் அப்படிச் செய்வாங்க. ஆக, கேசட்டு வெளிய போனது திரும்பி வரத்தான்."

"அப்பறம் ஏன் வரலக்கா?" என்றான் அன்புமணி.

"சொல்றேன். அலமாரியில செல்லு. மத்த வீட்டுல மருந்து அடிப்பாங்க. நம்ம வீட்டுல பயறுல வண்டு வந்தா என்ன பண்ணுவோம் சாந்தி? கொல்லமாட்டோம். மாடியில வேட்டிய விரிச்சு வெயில்ல பரப்புவோம். சூடு தாங்காம அது தானா போயிடும். அண்ணாவும் அதத்தான் பண்ணாரு. பயறுக்குப் பதிலா கேசட்டு. பரப்பிட்டு வந்து அலமாரியத் துடைச்சு வச்சாரு, சாப்பிட்டாரு, கொஞ்சம் கண்ணசந்துட்டாரு."

மருதேவி அந்தக் கோணிய மூடியைக் கட்டில்மேல் வைத்தார். சாந்திகுமார் அதையும் அப்பாவையும் மாறிமாறிப் பார்த்தார்.

"முழிச்சதும் ஞாபகம் வந்திருக்குது. செருப்பு போடக்கூட நிக்கல. உச்சிவெயில்ல, கொதிக்கற தளத்துல வெறுங்காலோட எத்தனை தடவை ஓடி அள்ளினாரோ. அண்ணா, செருப்பு குதிகால்ல கடிக்கும், விரல்ல கடிக்கும். உள்ளங்கால்ல கடிக்கற செருப்ப நான் பாத்ததில்ல. நான் கேக்காமலே எங்கப்பன் குதிருக்குள்ள இல்லன்னு நீங்களே சொன்னீங்க. பத்து வருஷம் தொடாத பென் டிரைவ ஒரே நாள்ல வாங்கிக்கினதும் அப்படித்தான். கேசட்ட இன்னொருத்தர் எடுத்திருந்தா இந்நேரம் செஞ்சிய ரெண்டாக்கியிருப்பீங்க."

பெரியவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துச் சாந்திகுமாரிடம் நீட்டினார். "கட்டிலுக்கு அடியில டிரங்குப் பொட்டி."

பெட்டி திறந்தது. உள்ளே கேசட்டுகள் வளைந்தும் வாய் பிளந்தும் கிடந்தன. தூக்கிப் போட மனம் வராமல் ஒவ்வொன்றையும் பழைய துணியில் சுற்றி வைத்திருந்தார்.

"கெணத்துல குதிக்காதுன்னு சொன்னேன்," என்றார் பெரியவர். "குதிக்கலதான். நானே கொண்டுபோயி அடுப்புல வச்சேன். உன் மூஞ்சில எப்படிடா முழிப்பேன்னு மறைச்சேன். நீ ரத்தினம்மான்னு சொன்னப்ப, நான் பொய் சொல்லலியே, சும்மாத்தான இருக்கறேன்னு எனக்கு நானே சொல்லிக்கினேன். அந்தச் சும்மா எவ்ளோ பெரிய பொய்யின்னு அவங்க வந்து கேட்ட அன்னிக்கே தெரியும். தெரிஞ்சும் வாய் வரல."

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சொல்லிக்காட்ட சாந்திகுமாருக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ஒரு வருஷத்துக் கேலிக்கு வட்டியோடு வாங்கியிருக்கலாம். அவர் பெட்டியைப் பார்த்தபடி, "அவங்க மேல மொதல்ல சொன்னது நான்தான் நைனா," என்றார்.

பெரியவர் கட்டிலை விட்டு இறங்கினார். பற்றுப் போட்ட கால்கள் தரையில் பட்டபோது முகம் சுருங்கியது. வாசற்படி வரை நடந்து போய்க் கைகூப்பினார். "நம்ம சமண வழக்கப்படி வருஷா வருஷம் நோன்பு முடிச்சி ஊரு பூரா மன்னிப்பு கேக்கறவன் நான். கேக்கவேண்டிய எடத்துல கேக்காம, குடுத்துட்டேன். மன்னிச்சிடு ரத்தினம்மா."

ரத்தினம்மாள் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மனம் இளகிற்று, ஆனால் நியாயம் இளகவில்லை.

"நீங்க குடுத்தீங்களே ஒரு மன்னிப்பு, அத மொதல்ல திருப்பி எடுத்துக்கங்க நயினாரே. இங்க நாலு செவுத்துக்குள்ள வேணாம். அது எந்தெந்த வூட்டுக்குப் போச்சோ அங்கெல்லாம் போயி எடுத்துக்கினு வாங்க."

"நான் போயிட்டு வரேன் நைனா," என்றார் சாந்திகுமார்.

"நீ போனா உன் வாயால வரும். என் வாயால வரணும்."

மகன் தோளைப் பிடித்துக்கொண்டு பெரியவர் தெருவில் இறங்கினார். பக்கத்து வீட்டு வாசலில் நின்று உரக்கச் சொன்னார். எதிர்வீட்டிலும் சொன்னார். மாடி, வெயில், தூக்கம், எதையும் விடவில்லை. ஒருவர் சிரித்தார், அதையும் வாங்கிக்கொண்டார். தெருக்கோடி வரை போய்த் திரும்பும்போது அவருக்கு நடக்க முடியவில்லை. ரத்தினம்மாள் எதிரே வந்து மறுகையைப் பிடித்துக்கொண்டார்.

மருதேவி பொழுதைப் பார்த்தார். சாப்பாட்டுக்கு நேரம் இருந்தது.

அன்புமணி அதற்குள் ஒரு கேசட்டைத் திருப்புளியால் பிரித்திருந்தான். "ஓடுதான்க்கா கோணியிருக்குது. உள்ள இருக்கற டேப்புக்கு ஒண்ணும் ஆவல. வேற ஓட்டுல மாத்திட்டா பாடும். எல்லாம் தேறுமான்னு சொல்லமுடியாது." பிறகு தன் தொழிலை விட்டுக்கொடுக்காமல், "தேறினத நான் போன்ல ஏத்தியும் குடுத்துடறேன் நயினாரே, இந்தக் கேசட்லேந்தே," என்றான்.

பெரியவர் யோசித்தார். "அவன் பென் டிரைவ்ல பாட்டு முழுசா இருக்குது. எனக்குப் பழக்கமான பாட்டு அது இல்ல. வெட்டினது, இழுத்தது எல்லாம் அப்படியே வருமா?"

"அப்படியே வரும்."

"அப்ப ஏத்து. கெணத்துல விழுந்தா நான் சிரிக்கமாட்டேன்."

மறுநாள் காலை அன்புமணி மாற்றித் தந்த முதல் கேசட்டைப் பெரியவர் டேப் ரெக்கார்டரில் போட்டார். ரேடியோவின் இரைச்சலும், மின்சாரம் குறைந்து குரல் இழுபட்ட இடமும் வந்தன. கடைசிப் பாட்டு நடு அடியில் நின்றது. பின்கட்டில் ரத்தினம்மாள் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் பிடிக்கும் சத்தம் கேட்டது.