குன்னத்துகாலில் காணாமல் போன ஸ்கூட்டர்

"எனக்க வண்டிய எவனோ திருடிட்டான்!"

ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் வேதமணியின் அலறல் குன்னத்துகால் ரப்பர் தோட்டம் வரை கேட்டது.

அலறலில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

காரணம் உண்டு. போன வாரம் எடுத்த ஸ்கேனில், மூளையில் 'ஆரம்பக்கட்ட மாற்றம்' என்று வந்திருந்தது. மறதி நோயாக வளரலாம், வளராமலும் போகலாம் என்றார் டாக்டர். மகன் மனு தீர்ப்பே எழுதிவிட்டான். இன்னொரு தடவை எதையாவது மறந்தால், வண்டிச் சாவி அவன் கைக்குப் போகும்.

ஆகவே திருடன் ஒருவன் இருந்தே ஆகவேண்டும்!

"எங்கயாவது வச்சிட்டு மறந்திருப்பிய," என்றாள் மனைவி புஷ்பபாய், மரச்சீனிக் கிழங்கு நறுக்கியபடி.

"நேத்து நான் வீட்டை விட்டு எறங்கல்ல. நீ?"

"காலம்பற சந்தைக்குப் போனேன், பஸ்ஸில. எனக்க புத்திக்கு ஒரு கேடும் இல்ல, கேட்டியளா."

பக்கத்து வீட்டு ஷைஜு எட்டிப் பார்த்தான்.

"சாரே, ஒங்க வண்டி களியக்காவிளை பங்கில நிக்குது. நான் இப்பம் அங்க பெட்ரோல் அடிச்சிட்டுத்தான் வாறேன்."

அங்கே தமிழ்நாட்டு விலை, கேரளத்தைவிடக் குறைவு. எல்லைக்காரர்களின் டாங்க் எல்லை தாண்டித்தான் நிறையும்.

வேதமணி விடவில்லை.

"திருடன் அங்க விட்டிட்டுப் போயிருப்பான்..."

"பெட்ரோலும் அடிச்சி வச்சிட்டா? நல்ல திருடனாக்கும்," என்றாள் புஷ்பபாய்.

ஷைஜுவும் வேதமணியும் பைக்கில் விரைந்தார்கள். பங்க் ஊழியர் ஜெயன் சாவியை நீட்டினார்.

"வண்டியிலயே இருந்திச்சி சார். எடுத்து வச்சேன்."

"கேமராவப் போடு மக்கா."

திரையில் நேற்று காலை பத்து மணி.

ஸ்கூட்டர் வருகிறது... பெட்ரோல் அடித்து ஓரமாக நிற்கிறது... ஓட்டியவர் பையோடு சந்தைக்குப் போகிறார்... பை நிறையத் திரும்பி வருகிறார்... வண்டியைத் தாண்டி நடக்கிறார்...

பஸ் ஏறுகிறார்.

புஷ்பபாய்!

"ரெச்சப்பட்டிய சாரே, மறந்தது நீங்க இல்ல," ஷைஜு சிரித்தான். "இத மனுவுக்கு அனுப்புங்க."

வேதமணி சிரிக்கவில்லை. அவள் காலையில் பொய் சொல்லவில்லை. வண்டியில் போனதையே மறந்திருந்தாள்.

"எலே ஷைஜு, நீ ஒண்ணும் காணல்ல."

வீட்டில் மனு வந்திருந்தான். புஷ்பபாய் வாசலிலேயே விசாரணையைத் தொடங்கினாள்.

"திருடன் கிட்டினானா?"

"திருடனும் இல்ல, ஒண்ணும் இல்ல. நானாக்கும் மறந்தது."

சாவி மனுவின் கைக்குப் போனது.

"நான் அப்பமே சொன்னேனா இல்லியா?" என்றாள் புஷ்பபாய்.

"சொன்ன. நாளைக்கி டாக்டருக்கிட்ட நீயும் வா. தனியா போவ பயமாட்டு இருக்கு. அந்த டெஸ்டெல்லாம் எனக்க துணைக்கு நீயும் செய்யணும்."

"இந்த வயசில ஒரு பயம்," என்று அலுத்துக்கொண்டே சம்மதித்தாள்.

முப்பத்திரண்டு வருடம் அடுத்தவர்களிடம் பொய் வாக்குமூலம் வாங்கியே பதவி உயர்ந்தவர், முதல்முறையாக ஒன்றைத் தானே கொடுத்திருந்தார்...

அதுவும் அடி வாங்காமல்!