சென்சார் சொன்ன சாட்சி

போன் அலறியது!

சிஜியின் இரண்டு கையிலும் கிரீஸ். குனிந்து, மூக்கு நுனியால் திரையைத் தள்ளினாள்.

"எஸ்.ஐ. ஆதித்யனாக்கும். சிவப்புக் கார்... ராபின்சனுக்க வண்டி. அதுல வேல பாத்தது நீதானே?"

சிஜிக்கு உச்சி சுர்ரென்றது. அந்த வண்டியா! மறுபடியுமா!

"நான்தான் சாரே. லைட்டு எரியுதுன்னு ஸ்டேஷனுக்கே வந்துட்டாரா அந்த மனுசன்?"

"லைட்டு இல்ல பிள்ளே. அமரவிளை பாலத்துக்குப் பக்கத்துல வண்டி மதில்ல முட்டி நின்னுது. உள்ள அவருக்க பெண்டாட்டி ரெஷ்மா. ஸ்டியரிங்ல சாஞ்சு கெடந்தா."

"ஐயோ! உயிரு...?"

"உண்டு. போதம் இல்ல. ஐ.சி.யூ.வுல கெடக்கா. உடம்புல ஒரு கீறல் கெடயாது. ஆனா ரத்தம் முழுக்க வண்டிப்புகை! அந்தப் பைப்பை மாட்டினது ஆரு?"

சிஜி கிரீஸ் கையைத் துணியில் துடைத்தாள்.

"...நான்."

"அப்போ டூல்ஸ எடுத்துட்டு ஸ்டேஷனுக்கு வா. எனக்க கண்ணு முன்னால தொறந்து காட்டணும். உனக்க வேலயில தப்பு இருந்தா... திரும்பி வீட்டுக்குப் போவன்னு நெனைக்காத!"

லைன் செத்தது.

குளத்தூரில் சிஜி வொர்க்‌ஷாப் போட்டு ஆறு வருடம். டிப்ளமா படித்தவள். வாயும் கொஞ்சம் நீளம். எந்த வண்டியும் அவளை இப்படித் தோற்கடித்ததில்லை.

ராபின்சன் பொழியூரில் மீன்பிடிப் படகுகளின் என்ஜினைப் பழுது பார்ப்பவர். மழைக்காலத்துக்கு முன்னால் ஒருநாள் வந்து, "ஹெடர் மாட்டணும். சத்தம் கும்முனு வரணும்" என்றார். என்ஜினிலிருந்து வரும் புகையை வாங்கி வெளியே தள்ளும் அகலமான குழாய்கள்தான் ஹெடர். கம்பெனிக் குழாயைக் கழற்றி மாட்டினாள்.

அன்று பிடித்தது சனி!

ஒரு வாரத்தில் டேஷ்போர்டில் மஞ்சள் லைட். ஸ்கேனரைச் செருகினால் ஆக்ஸிஜன் சென்சாரில் கோளாறு என்றது. புகையில் எவ்வளவு காற்று மிச்சம் என்று முகர்ந்து சொல்லும் சென்சார் அது. அதன் வயர் சூட்டில் உருகியிருக்கும் என்று வயரை மாற்றினாள்.

லைட் அணைந்தது.

திரும்ப வந்தது!

சென்சாரையே புதிதாகப் போட்டாள். அணைந்தது. திரும்ப வந்தது!

மூன்றாம் தடவை குழாயை என்ஜினோடு பிடிக்கும் நட்டுகள் தளர்ந்திருப்பதைப் பார்த்தாள். தன்மேலேயே ஆத்திரம் வந்தது. ஒழுங்காக முறுக்கவில்லையோ? இடையில் கசியாமல் அடைக்கும் கேஸ்கட்டை மாற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கி, இனி அசைந்தால் தெரியட்டும் என்று ஒவ்வொரு நட்டின் மேலும் வெள்ளைப் பெயிண்டில் கோடு இழுத்தாள்.

அப்போதும் ராபின்சன் எரிந்து விழுந்தார்.

"லைட்ட மட்டும் அணச்சுத் தா பிள்ளே! வேற ஒண்ணும் நோண்டாத!"

"லைட்ட அணச்சா கோளாறு போகுமாண்ணே?"

"உனக்கு அதுல என்ன? லைட்டு எரிஞ்சா ரெஷ்மா வண்டிய எடுக்க மாட்டேங்கா. அவ ஆபீசுக்குப் போவாண்டாமா?"

இப்போது அந்த ரெஷ்மா ஐ.சி.யூ.வில்!

ஸ்டேஷன் முற்றத்தில் மழை கொட்டியது. ஷெட்டுக்குள் சிவப்புக் கார். பக்கத்தில் எஸ்.ஐ. ஆதித்யன். கான்ஸ்டபிள் எலியா போனில் படம் எடுக்கத் தயாராக நின்றார்.

பானெட்டைத் திறந்தாள். டார்ச்சை அடித்தாள்.

"சாரே..."

"என்ன?"

"நட்டுல நான் போட்ட கோட்டப் பாருங்க. நேரா நிக்கணும். ரெண்டு கோடு சரிஞ்சு கெடக்கு!"

"சூட்டுல தளர்ந்திருக்கும்."

"சூட்டுக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியுமா சாரே? நட்டுக்க முனையெல்லாம் புதுசா மினுங்குது. ஆரோ தளத்தியிருக்கு!"

ஆதித்யன் குனிந்தார். மினுங்கியது!

"இந்த இடைவெளியில காத்து உள்ள போவும். சென்சார் அதத்தான் கத்திக் கத்திச் சொல்லியிருக்கு. நான்தான் அதுக்க மேலயே குத்தம் கண்டு, வயர மாத்தி, சென்சார மாத்தி... எனக்க புத்தியச் சொல்லணும்!"

"சரி. காத்து உள்ள போவும். புகை?"

"அதே வழியா வெளிய வரும். ஆனா காருக்குள்ள எப்படி..."

அவள் பேச்சு பாதியில் நின்றது. டிரைவர் சீட்டுக்கு ஓடினாள். தலைகீழாகக் கிடந்து, கால் வைக்கும் இடத்துக் கார்ப்பெட்டைப் பிய்த்தாள்.

என்ஜினுக்கும் சீட்டுக்கும் நடுவே உள்ள இரும்புத் தகட்டில் ஒரு ஓட்டை. அதை அடைத்திருக்க வேண்டிய ரப்பர் மூடியைக் காணோம்!

"மழைக் காலம்... கண்ணாடிய ஏத்திட்டு ஏ.சி. போட்டுட்டு அவ ஆபீசுக்குத் திருவனந்தபுரம் வரைக்கும் போவா. தினமும் போகப் போக மயக்கம் வந்திருக்கும். சாரே, இது கோளாறு இல்ல. கொலை முயற்சி!"

எலியாவின் போன் பளிச் பளிச்சென்றது.

ஆதித்யன் மீசையைத் தடவினார்.

"கொல்லத்துல வேற ஒருத்திகூட ராபின்சனுக்குப் பழக்கம் உண்டுன்னு பேச்சு. பிரிஞ்சு போக அவ சம்மதிக்கல்லன்னு ரெஷ்மாவுக்க அண்ணன் சொன்னான். ஆனா ஸ்பானர் பிடிச்சது அவன்தான்னு எப்படிக் காட்ட?"

"அவருக்குப் புகை விசயம் தெரியுமா சாரே?"

"டாக்டர் எனட்டதான் சொன்னாரு. பிரஷர் கொறஞ்சு மயங்கினான்னு ராபின்சனே ஊரெல்லாம் சொல்லிட்டு நடக்கான். வண்டியத் தா, தான்னு காலையில இருந்து வாசல்ல நிக்கான்."

சிஜி ஸ்பானரைக் கையில் எடுத்தாள்.

"படம் எல்லாம் எடுத்தாச்சில்லியா? எனக்கு ஒரு அரை மணிக்கூர் தாங்க."

ராபின்சன் வரும்போதே முகம் கடுகடுத்தது.

"என்ன சாரே, எனக்க பெண்டாட்டி ஆசுபத்திரியில கெடக்கா. வண்டிய வச்சு என்ன செய்யுதிய?"

"இந்தாரும், இப்பமே கொண்டு போலாம்" என்றார் ஆதித்யன். "சின்ன டெஸ்ட் ஒண்ணு உண்டு. ஏறும்."

சிஜி உதட்டைப் பிதுக்கினாள். "நான் ஒண்ணும் கண்டுபிடிக்கல்லண்ணே. நின்ன வண்டி நின்னபடி கெடக்கு."

ராபின்சன் முகத்தில் ஒரு நிம்மதி ஓடி மறைந்தது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஆதித்யன். பின்னால் சிஜி.

என்ஜின் உறுமியது! வண்டி ஷெட்டை விட்டு முற்றத்து மழைக்குள் வந்து நின்றது.

"மழை அடிக்குது. கண்ணாடிய ஏத்தும். ஏ.சி. போடும்."

"கண்ணாடி... கெடக்கட்டும் சாரே."

"எனக்க யூனிபார்ம் நனையுதுய்யா! ஏத்தும்!"

கண்ணாடி ஏறியது. ராபின்சனின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக...

"போவலாமா?" என்றார் ஆதித்யன்.

"ஒரு ரவுண்டு போதுமா சாரே?"

"திருவனந்தபுரம் வரைக்கும் போவோம். என்ன அவசரம்?"

ராபின்சன் இருமினார். மறுபடி இருமினார். கழுத்தைப் பிடித்துக்கொண்டார். கை கண்ணாடிப் பொத்தானைத் தேடியது. ஆதித்யனின் கை அதைத் தடுத்தது.

"விடும்! மூச்சு முட்டுது! புகை உள்ள வருது! கொல்லப் பாக்குதியளா? கீழ ஓட்டை வழியா... கேஸ் வருது!"

கதவைத் தள்ளிக்கொண்டு சேற்றில் விழுந்தார்!

மழையில் முழங்காலிட்டு, வாயைப் பிளந்து காற்றை விழுங்கினார்.

சிஜி மெதுவாக இறங்கினாள். அத்தனை நாள் ஆத்திரமும் குரலில் ஏறியது.

"எந்த ஓட்டையண்ணே?"

ராபின்சன் நிமிர்ந்தார்.

"ஓட்டைய ரப்பர் வச்சு அடச்சாச்சு. நட்டையும் முறுக்கியாச்சு. உள்ள ஒரு பொட்டுப் புகை கெடயாது. சாரு இருமல்ல. நான் இருமல்ல. நீரு மட்டும் எதுக்கு இருமினீரு?"

ராபின்சன் சேற்றிலேயே பின்னால் நகர்ந்தார்.

"புகைன்னு உம்மட்ட ஆரும் சொல்லல்லியே!" என்றார் ஆதித்யன்.

ராபின்சனின் கையில் விலங்கு விழுந்தது.

அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ரெஷ்மா கண் விழித்துவிட்டாள். சிஜி ஷெட் தூணில் சாய்ந்து, வெகு நேரத்துக்குப் பிறகு மூச்சை இழுத்து விட்டாள்.

ராபின்சனை ஜீப்பின் பின்னால் ஏற்றினார்கள். அவருக்கு இன்னும் பதற்றம் அடங்கவில்லை.

"கொஞ்சம் காத்து வரட்டும்... அந்தக் கண்ணாடிய இறக்குங்களேன்..."

எலியா கதவை அறைந்து சாத்தினார்.

"ஜீப்புல கண்ணாடியே கெடயாதுவே, கம்பிதான். இனி போற எடத்துலயும் அப்படித்தான்... காத்துக்குக் கொறவே இருக்காது!"