மாமனாரின் மடக்குக்கத்தி

நேற்று சாயங்காலம்தான் சுத்தம் செய்து மூடி வைத்த கத்தி. இன்று காலையில் அதன் பள்ளத்துக்குள் ஒரு நீல நூல் கிடந்தது.

பழைய கத்தி சேகரிப்பவர்கள் 'கத்தி வைத்தியர்' என்று கூப்பிடும் அவன், லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு மேசை விளக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்தான். மடக்குக்கத்தியின் அலகு மடங்கிப் படுக்கும் அந்த ஒடுங்கிய பள்ளத்தில் என்னென்னவோ கிடைக்கும். சட்டைப்பைப் பஞ்சு, புகையிலைத் தூள், பென்சில் சீவல், என்றைக்கோ அறுத்த பழத்தின் சாறு காய்ந்து இறுகிய கறுப்பு. அதைப் பார்த்தே அந்தக் கத்தி யாரிடம் இருந்தது, என்ன வேலை செய்தது என்று சொல்லிவிடுவான். ஆனால் அவன் கைப்பட எண்ணெய் பூசி, இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிய கத்தியில் தூசுகூட இருக்காது. இருந்ததில்லை.

மூங்கில் குச்சியால் நூலை எடுத்துத் தட்டில் போட்டான். சட்டையிலிருந்து ஒட்டியிருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டான். அவன் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை.

கத்தி அவனுடைய மாமனாருடையது. மனிதர் இறந்து வீடு இன்னும் அழுது ஓயாத நிலையில், மாமியார் அதை ஒரு துணியில் முடிந்து எடுத்துவந்து அவன் மேசையில் வைத்தார். வைத்தார் என்பதைவிடப் போட்டார் என்று சொல்லலாம்.

"அவர் உங்களுக்குக் குடுக்கச் சொல்லல மாப்பிள்ளை. என் வீட்டுல வெச்சுக்க முடியல, அதான்."

"ஏன் அத்தை, அருமையான கத்தியாச்சே?"

"உங்களுக்குத்தான் கத்தின்னா உசுராச்சே. வெச்சுக்கோங்க." ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் படியிறங்கிப் போய்விட்டார்.

அந்தக் கத்தியின்மேல் அவனுக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண். மாமனார் அவனிடம் முகம் கொடுத்துப் பேசியதே கிடையாது. போனால், நாற்காலியில் சாய்ந்தபடி, அதன் சின்ன அலகால் நகக்கண் அழுக்கை நோண்டிக்கொண்டே மகளோடு மட்டும் பேசுவார். ஒருதடவை அவன் ஆசையாகக் கையை நீட்டியபோது, விரல் நுனிக்கு முன்னால் டக்கென்று மடக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இப்போது அது அவன் உள்ளங்கையில். மான்கொம்புக் கைப்பிடி, விரல் படும் இடமெல்லாம் தேய்ந்து வழவழப்பு. அலகின் அடியில் பாதி அழிந்த முத்திரை. வெளிச்சத்தைச் சாய்த்து விட்டுப் பார்த்ததில், எழுத்துகள் நேர்கோட்டில் இல்லாமல் வில்லாக வளைந்திருந்தன. அந்த வளைவை வைத்து, எப்போதோ மூடிப்போன ஒரு பட்டறையின் ஆரம்பகாலச் சரக்கு என்று கண்டுபிடித்தான். தீட்டக் கூடாது, பளபளப்பாக்கக் கூடாது. அலகில் படிந்த சாம்பல் நிறம்தான் அதன் வயசு. செந்துருவை மட்டும் மெல்ல எடுத்தால் போதும். பள்ளம் முழுக்க மெழுகு இறுகிக் கிடந்தது. எவன் செய்த கிறுக்குத்தனமோ என்று திட்டிக்கொண்டே அதையும் சுரண்டி எடுத்தான். "இப்ப யார் கையில இருக்கு பாத்தீங்களா மாமா?" என்று வாய்விட்டுச் சிரிக்கவும் செய்தான். அதெல்லாம் நேற்று.

மத்தியானம் மனைவி தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நீல உறை. நடுவே நீளமாக, ஒரு பிசிறு இல்லாமல் அறுபட்டிருந்தது.

"இது என்ன வேலை?"

"எனக்கென்ன தெரியும்?"

"இந்த வீட்டுல பொழுதன்னைக்கும் கத்தியும் கையுமா இருக்கிறது நானா, நீங்களா? எங்கப்பா மேல இருக்கிற காட்டத்தை என் தலகாணி மேல காட்டுறீங்களா? அவர் போய்ச் சேர்ந்தும் உங்களுக்கு ஆறலையா?"

தட்டில் கிடந்த நூலை அவன் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டான். எதற்கு மறைக்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

அன்று கத்தியை முறுக்குநூலால் வரிந்து கட்டினான். தகர டப்பாவில் போட்டான். அலமாரியைப் பூட்டிச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டான். மறுநாள் பார்த்தபோது கட்டு அப்படியே இருந்தது. முடிச்சு ஒரு இம்மிகூட நகரவில்லை. அலகும் மூடியபடியே. ஆனால் அலகுக்கும் கைப்பிடித் தகட்டுக்கும் நடுவிலிருந்து, எறும்புப் புற்றில் மண் பிதுங்குகிற மாதிரி, கறுப்பாக ஏதோ பிதுங்கிக்கொண்டிருந்தது. குச்சியால் இழுத்தான். வந்தது. இழுக்க இழுக்க வந்தது. நீள முடி, தலைக்கு வைக்கும் எண்ணெயின் வாசனையோடு, இன்னும் பிசுபிசுப்பு காயாமல்.

உள்ளே ஓடினான். அவள் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். இடது பக்கக் கூந்தல் காதளவுக்கு வெட்டுப்பட்டிருந்தது. அழவில்லை, கத்தவில்லை. அவன் கையில் தொங்கிய முடியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"கிட்ட வராதீங்க."

"நான் இல்லம்மா, சத்தியமா..."

பின்கட்டு அறையின் தாழ்ப்பாள் விழுந்தது.

வெளியே மழை இருட்டு. மின்சாரமும் போயிருந்தது. ஈரச் சுவரின் வாடையோடு, பழைய இரும்பைத் தேய்க்கும்போது வரும் ஒரு புளித்த நெடியும் நடையெல்லாம் நிறைந்திருந்தது. அவன் அந்தக் கதவோரமாய் நின்று மாமியாருக்குப் போன் போட்டான். அவளுக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

"அத்தை, அந்தக் கத்தி..."

"மெழுகை எடுத்தீங்களா?"

அவன் கையிலிருந்த கத்தியின் இடுக்கைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்.

"மாப்பிள்ளை, மெழுகை எடுத்தீங்களா?"

"எடுத்துட்டேன்."

மாமியார் கெட்ட வார்த்தையில் திட்டினார். அவர் வாயில் அப்படியொரு வார்த்தையை அவன் கேட்டதே இல்லை. "கடைசி நேரத்துல அவர் என்ன சொன்னார் தெரியுமா? 'என் பொண்ணை அவன் எடுத்துட்டுப் போனான். நான் திருப்பி எடுத்துக்கறேன். கொஞ்சம் கொஞ்சமா ஆனாலும் சரி'ன்னாரு. கையில அதுதான் இருந்துச்சு. அவர் போன மறுநாளே அவளோட சின்ன வயசு கவுன்ல ஒரு துண்டைக் காணோம். அதான் நான் அடைச்சேன். எறிய மனசு வரல, காலமெல்லாம் அவர் பையில கிடந்ததாச்சே. மெழுகு இருக்கிற வரைக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு... உங்களை யாருய்யா நோண்டச் சொன்னா?"

"இப்ப என்ன செய்யணும்?"

"தெரியல," என்று அழுதார். "எனக்குத் தெரியல."

போன் அணைந்தது. அவன் கதவைத் தட்டினான்.

"கேட்டியா? நான் இல்ல. இதை இப்பவே கொண்டுபோய் ஆத்துல போட்டுடறேன். நீ தனியா இருக்காத, என்கூட வந்துடு." பேசிக்கொண்டே கத்தியை இரண்டு கைக்கும் நடுவில் வைத்து இறுக்கினான். கட்டோடு. மூடியபடி. அலகு எழும்ப முடியாத மாதிரி, விரல் வெளுக்க வெளுக்க.

தாழ்ப்பாள் நகர்ந்தது.

கதவு திறந்தது. அவள் முகம் அழுது வீங்கியிருந்தது. அவன் கைகளை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, கல்யாணமான புதிதில் பார்த்த அதே கண்களால் அவனைப் பார்த்தாள்.

"நான் உங்களைப் போய்..."

"விடு. கிளம்பு."

விரல்களுக்கு நடுவே கத்தி புரண்டது. மெதுவாக. தூக்கத்தில் புரள்கிற மாதிரி. இன்னும் இறுக்கினான். திறக்கவில்லை. திறக்கவே இல்லை.

உள்ளங்கை வெதுவெதுத்தது. ஈரம்.

எண்ணெய்தான். எண்ணெயாகத்தான் இருக்கும்.

அது மணிக்கட்டில் வழிந்தது. சிவப்பு. அவன் கையில் எங்கும் வலியில்லை. எங்கும் காயமில்லை.

"என்னங்க," என்றாள் அவள். குரலில் கோபமில்லை, பயமில்லை. கொஞ்சம் எரிச்சல் மட்டும். "கழுத்துல என்னமோ குறுகுறுங்குது. பூச்சியான்னு பாருங்க."

திரும்பி நின்றாள். மிச்சமிருந்த கூந்தலைக் கையால் அள்ளித் தூக்கினாள்.

ஒரு கோடு. நூல் கனம். இந்தக் காதடியிலிருந்து அந்தக் காதடிவரை, பிசிறில்லாமல்.

"என்ன இருக்கு? சொல்லுங்களேன்."

அவள் பேசப் பேச, அந்தக் கோடு உதடுபோல மெல்லப் பிரிந்து, மூடி, மறுபடி பிரிந்தது.