கவிழ்த்து வைத்த ரொட்டி

அடுக்கிலிருந்த ரொட்டிகளில் ஒன்று மட்டும் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. ஆர்மெல் கடை வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்தக் காலத்தில் மரண தண்டனை நிறைவேற்றும் தலைவெட்டிக்கு ஒதுக்கிய ரொட்டியை, வேறு யாரும் தொடாமலிருக்க, அப்படித்தான் வைப்பார்களாம். வீட்டு மேசையில் ரொட்டி கவிழ்ந்து கிடந்தால் அவள் அம்மா இன்றும் பதறிப்போய் நிமிர்த்துவாள்.

அவள் புருஷன் திபோவுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? பாரிஸ் துரை! காலையிலிருந்து மூன்று பழைய கிராமங்கள், மூன்றிலும் இளக்காரம். கல் வீடெல்லாம் மாட்டுக்கொட்டிலாம், தேவாலயம் எலிப்பொந்தாம். கோழி அறுப்பதைப் பார்த்தாலே மயங்கி விழுகிற ஆளுக்கு வாய் மட்டும் எட்டூருக்கு. இவனைப் போய்க் கட்டிக்கொண்டோமே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைக்காரக் கிழவிக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல் அந்த ரொட்டியை எடுத்தான்.

"ஐயோ, வை திபோ! அது தலைவெட்டிக்கு வச்சது!"

"பட்டிக்காட்டுப் புத்தி போகுமா உனக்கு?" என்று சிரித்தபடி ஒரு வாய் கடித்தான்.

கிழவி சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். "சாப்பிடுங்க ஐயா. உங்களுக்குத்தான் வச்சிருந்தோம்."

வெளியே நண்பகல் வெயில் சதுக்கத்துக் கற்களில் கொதித்தது. ஜன்னல்களிலிருந்து பூண்டும் வெண்ணெயும் வதங்கும் வாசனை வந்துகொண்டிருக்க, அவர்கள் நடக்க நடக்கத் தட்டுகளின் சத்தமும் பேச்சும் வீடு வீடாக அடங்கி, முதுகுக்குப் பின்னால் மரக்கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எதிரே வந்தவர்கள் தொப்பியைக் கழற்றி, திபோவின் மேல் துணிகூடப் படாமல் ஒதுங்கினார்கள்.

"பாத்தியா மரியாதைய? பயந்தாங்கொள்ளிப் பசங்க."

"கார் சாவியக் குடு. போயிடலாம்."

அவன் மென்றுகொண்டே இருந்தான். நடை மாறியிருந்தது. கனமான, அவசரமில்லாத நடை.

ரொட்டி தீர்ந்தது.

சதுக்கம் நிறைய ஆட்கள். ஒரு இருமல்கூட இல்லை. ஓடிவிடலாமென்று திரும்பினாள். பின்னாலும் ஆட்கள்.

"இன்னிக்கு யார் தலைங்க ஐயா?" என்று கிழவி பணிவாகக் கேட்டாள்.

திபோ ஆர்மெலைப் பார்த்தான். காலையிலிருந்த இளக்காரம் அந்த முகத்தில் இல்லை. எதுவுமே இல்லை.

"கழுத்துத் துணிய எடு," என்றான் மெதுவாக. "வேர்க்குதுல்ல."

கத்தினாள். யாரும் அசையவில்லை.

பின்னால் வந்தான். அவள் பிடரி முடியை ஒரே வாரலில் அள்ளி ஒதுக்கினான். ஒரு இழைகூடத் தப்பவில்லை. நன்றாகப் பழகிய கை.