வெறும் தண்ணீரில் ஒரு கூம்பு

திரையில் கோடு நேராகப் போயிருக்க வேண்டும். பதினான்காவது நிமிடத்தில் கூம்பாக மேலே எழும்பியது.

யூலாலி நாற்காலியைத் திரையருகே இழுத்துப் போட்டாள். சோதனைக் கருவியில் ஓடியது ஊற்றுத் தண்ணீர் அல்ல. கருவியை நம்பலாமா என்று பார்க்க ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் அவளே ஊற்றி வைக்கும் வெறும் தண்ணீர். எதுவுமே இருக்கக் கூடாத சுத்தத் தண்ணீர். அதில் குளோர்டெகோன். குவாதலூப் தீவின் வாழைத் தோட்டங்களில் கூன்வண்டைக் கொல்ல மூட்டை மூட்டையாகத் தூவிய வெள்ளை நச்சுப் பொடி. தடை வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகியும் மண் அதை விட்டபாடில்லை. ஃபோன்-கக்காவோ ஊற்றை நம்பி நானூறு குடும்பங்கள். குடிக்கலாமா, கூடாதா என்று திங்கட்கிழமை அவள் கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டும்.

புதுப் பெட்டியைப் பிரித்துப் புதுக் குப்பி எடுத்து, மறுபடி வெறும் தண்ணீரை ஊற்றினாள். வெளியே மழை தகரக் கூரையை அறைந்துகொண்டிருக்க, கருவிக்குள் விசிறி ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்க, ஈர மண்ணும் அழுகிய வாழைத்தண்டும் கலந்த வாடை எங்கிருந்தோ மெல்ல மெல்ல அறைக்குள் இறங்க, அவள் பதினான்கு நிமிடமும் கண்ணெடுக்காமல் காத்திருந்தாள்.

கூம்பு இரண்டு மடங்காகியிருந்தது.

அடுத்த மேசையிலிருந்து ஃபுல்பேர் எழுந்து வந்தான். பத்து வருஷமாகக் கூட வேலை பார்ப்பவன். "என்ன தாயி, வாழைக்காயை நறுக்கிட்டு கை கழுவாம வந்துட்டியா? தள்ளு, நான் ஊத்துறேன்."

அதே தண்ணீர். அதே பெட்டிக் குப்பி. கோடு நூல் பிடித்தாற்போல் போனது.

அவள் ஊற்றினாள். கூம்பு.

அவன் ஊற்றினான். நேர்கோடு.

அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. "யூலாலி, நீ கொஞ்சம் தள்ளியே நில்லு."

அப்போது அவள் கைபேசி அடித்தது. அக்கா நாதேஜ். "புள்ள பசியில கத்துறான்டி. எப்ப வருவ?" பின்னால் குழந்தையின் அழுகை. அதைக் கேட்டதும் மார்பு சுரந்து சட்டை நனைந்தது. யூலாலி குனிந்து பார்த்தாள். ஃபுல்பேரும் பார்த்தான்.

பின்னறைக்குப் போய், ஒரு குப்பியில் சிறிது பால் பீய்ச்சிக்கொண்டு வந்தாள். அவன் கையுறை போட்டுக்கொண்டுதான் அதை வாங்கினான்.

பதினான்காவது நிமிடம். கோடு திரையின் உச்சியை முட்டியது. இறங்கவில்லை.

"புள்ளைக்கு எத்தனை மாசம்?"

"நாலு."

அவள் காரைக் கிளப்பியபோது மழை விட்டிருந்தது. சாலையின் இருபுறமும் வாழைகள், நீலப் பை போர்த்திய குலைகள் காற்றில்லாமலே அசைந்தன. கண்ணாடிகளை ஏற்றினாள். வாடை போகவில்லை. நாதேஜுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடியும். எடுக்கவில்லை.

வாசற்படியில் அக்கா விரலை உதட்டில் வைத்தாள். "சத்தம் போடாதே, இப்பதான் அடங்கினான்."

"என்ன குடுத்த?"

"என்னடி கேள்வி? காலையில நீ பாலை எடுத்து ஃபிரிட்ஜ்ல வச்சுட்டுப் போனியே, அதைத்தான். மூணு புட்டி. ஒரு சொட்டு மிச்சம் வைக்கல உன் மகன்."

யூலாலி அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

ஜன்னல் வழியே மாலை வெயில் தொட்டிலில் விழுந்திருந்தது. எலியோ விழித்திருந்தான். அம்மாவைக் கண்டதும் கால்களை உதைத்தான். உதட்டோரம் வெள்ளை. பால்தான். எல்லாக் குழந்தைக்கும் இருப்பதுதான். விரலால் துடைத்தாள்.

ஈரமில்லை.

விரல்களைத் தேய்த்துப் பார்த்தாள். நறநறவென்று, மாவுபோல. "எலியோ," என்றாள்.

குழந்தை வாய் முழுக்கத் திறந்து சிரித்தது. ஒவ்வொரு சிரிப்புக்கும் அதன் தொண்டையிலிருந்து மெல்லிய வெள்ளைத் தூசு புகைபோல் எழுந்து, வெயிலில் மிதந்து, மெதுவாகப் போர்வைமேல் படிந்தது.